பீரங்கியைப் பார்க்க யார் வருவார்கள்?

கேள்வி கேட்டவர் தாராவித் தம்பி ஒருவர், சுற்றுலா மேலாண்மை படிக்கிறார். அவர் கேட்டது இதுதான்: மும்பைக் கடலோரத்தில் போர்க்காலத்துப் பீரங்கி மேடை, பதுங்கு அறை, நினைவுச் சின்னம் என்று என்னென்ன மிச்சம் இருக்கிறது? அதற்கெல்லாம் சுற்றுலா மதிப்பு உண்டா, இல்லை பழைய சுவருக்குப் பெயின்ட் அடித்து பலகை மாட்டி ரிப்பன் வெட்டுகிற வேலையா? கல்லூரி புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

எடுங்கள் தம்பி. ஆனால் மதிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பீரங்கியைப் பார்ப்பதற்கென்றே ரயில் ஏறி மும்பைக்கு யாரும் வரப்போவதில்லை. நம் ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்வே, மரைன் டிரைவ், மகாலட்சுமி, சித்திவிநாயகர், நேரம் இருந்தால் பாந்திராவில் ஒரு நடிகர் வீட்டு கேட். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தாதரில் இறங்குகிறார்கள். போர்க்கால எச்சங்களால் இந்தப் பட்டியலை மாற்ற முடியாது. அவற்றால் முடிவது வேறு. ஏற்கெனவே வந்து இறங்கிவிட்ட ஆளை அங்கேயே இன்னும் ஒரு மணி நேரம் இருக்க வைக்கலாம். என் கணக்கில் அவற்றின் மதிப்பே அந்த ஒரு மணி நேரம்தான். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் பஸ் கம்பெனிக்கும் ஓட்டலுக்கும் போகாத காசு, டீக்கடைக்கும் வழிகாட்டிக்கும் போவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

எலிபெண்டாவைப் பாருங்கள், விளங்கிவிடும். உள்ளூர்ப் பெயர் காராபுரி. கேட்வேயிலிருந்து லாஞ்சில் ஒரு மணி நேரம். வழியில், துறைமுகத்து நீருக்கு நடுவே, மதில் எழுப்பிய குட்டித் தீவு ஒன்று தெரியும். அது மிடில் கிரவுண்ட். அதேபோல இன்னொன்று, ஆய்ஸ்டர் ராக். துறைமுகத்துக்குள் எதிரிக் கப்பல் நுழையாமல் தடுக்க வெள்ளைக்காரன் பீரங்கி ஏற்றி வைத்த பாறைகள் இவை. இன்று இரண்டும் கடற்படை வசம், இறங்க முடியாது. அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் படகு நிறைய ஆட்கள் அந்த மதிலைப் பார்த்து செல்ஃபி எடுக்கிறார்கள், அது என்னவென்று யாரும் சொல்வதில்லை. லாஞ்சில் ஒலிபெருக்கி வைத்து மராத்தியிலும் இந்தியிலும் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். பத்து பைசா செலவில்லாமல் ஒரு போர்க்காலச் சுற்றுலா ஆகிவிடும்.

தீவில் இறங்கினதும் கூட்டம் முழுக்கக் குகைக்குப் போகிறது. 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய குகை, போகத்தான் செய்வார்கள். மூன்று முகச் சிவனைப் பார்த்துவிட்டு, குரங்கிடம் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்துவிட்டு, சுட்ட மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள். அடுத்த படகைப் பிடிக்கிற அவசரம். இன்னொரு பாதை மேட்டுக்கு ஏறுகிறதே, கேனன் ஹில் என்று, அதில் திரும்புகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் காதல் ஜோடிகளும் கல்லூரிப் பையன்களும்.

மேலே என்ன இருக்கிறது? பெரிய பீரங்கிகள் இரண்டு, கொஞ்சம் தள்ளித் தள்ளி. கோட்டைகளில் நாம் பார்த்துப் பழகிய, வாய்வழியே குண்டு போட்டுக் குத்துகிற பழைய இரும்புக் குழாய் அல்ல. பின்பக்கம் திறந்து குண்டு ஏற்றுகிற, இருபதாம் நூற்றாண்டை ஒட்டிய ரகம். குழாய் ஒரு பெரிய இரும்புப் பீடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பீடம் வட்டமான குழிக்குள். எந்தத் திசையில் கப்பல் வந்தாலும் அந்தப் பக்கம் திருப்புவதற்காக அந்த வட்டம். இரும்பில் பெயின்ட் மேல் பெயின்ட், அதன்மேல் ஆணியால் கீறிய ஜோடிப் பெயர்கள். கீழே குண்டும் மருந்தும் வைத்த அறைகள், இருட்டு. உள்ளே போனால் வௌவால் வாடை அடிக்கும். பீரங்கிக் குழாயின் பக்கத்தில் நின்று அது பார்க்கிற பக்கம் நீங்களும் பாருங்கள். எதிர்க்கரையில் நவ சேவாத் துறைமுகத்தின் கிரேன்கள், இந்தப் பக்கம் புட்சர் தீவில் எண்ணெய்த் தொட்டிகள். மும்பைத் துறைமுகம் ஏன் இந்த இடத்தில் அமைந்தது, அதைக் காப்பாற்ற ஏன் இந்த மேட்டைப் பிடித்தார்கள் என்பது பாடப்புத்தகம் இல்லாமலேயே புரிந்துவிடும். குகைக்குள் நின்றால் இந்தக் காட்சி கிடைக்காது.

இதில் தீவுக்காரர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், இப்படிச் சொல்வேன். காராபுரியில் ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என்று மூன்று குடியிருப்புகள், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் பேர். பக்கத்தில் மும்பை ஜொலித்துக்கொண்டிருக்க, இவர்களுக்குக் கடலடிக் கேபிள் போட்டு மின்சாரம் வந்தது 2018-ல். சுற்றுலாப் பயணி இரவில் தங்க அனுமதி இல்லை. ஆகவே முதல் லாஞ்சுக்கும் கடைசி லாஞ்சுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கிடைப்பதுதான் வருமானம். பயணி குகையோடு திரும்பினால் ஒரு மோர், ஒரு மணிமாலையோடு சரி. பீரங்கி மேட்டுக்கும் ஏறி இறங்கினால் பசி எடுக்கும், உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தச் சாப்பாட்டுக் காசு தீவைவிட்டு வெளியே போகாது. கூட்டத்தைக் கூட்டுவதைப் பற்றித்தான் சுற்றுலாத் துறைகள் எப்போதும் பேசுகின்றன. தண்ணீருக்கே தட்டுப்பாடு வருகிற இந்தத் தீவுக்கு இன்னும் கூட்டம் வேண்டாம், வருகிற கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும்.

சிங்கப்பூரில் சொந்தம் இருந்தால் செந்தோசாத் தீவின் சிலோசோ கோட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் கதை இதேதான். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே கூட்டம் வருகிற தீவு, அதன் ஒரு மூலையில் பிரிட்டிஷ் கடலோரப் பீரங்கிகள். அவர்கள் அதை 1970-களிலேயே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள், இன்று அனுமதி இலவசம். பீரங்கியைச் சுடுகிற நிலையில் பொம்மை வீரர்கள், சரணடைந்த காட்சிக்கு மெழுகுச் சிலைகள், மரங்களுக்கு மேலே நடைபாலம். பீரங்கி என்று பார்த்தால் காராபுரிக்கு அது ஒன்றும் பெரிதாக மேலானதில்லை. அங்கே அதைச் சொல்வதற்கு ஏற்பாடு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது என்ற பெரிய கதையும் பின்னால் நிற்கிறது.

காராபுரிக்கு அந்தக் கதைப் பலம் இல்லை. இரண்டு உலகப்போரிலும் மும்பையை எந்த எதிரிக் கப்பலும் நேரே வந்து சுட்டதில்லை. மெட்ராஸுக்கு 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்ததுபோல மும்பைக்கு எதுவும் வரவில்லை. எச்சம் இருக்கிற இடத்தில் கதை இல்லை. கதை இருக்கிற இடத்திலோ எச்சம் இல்லை. மும்பையின் பிரச்சினையே இதுதான். இரண்டாவதற்கு விக்டோரியா டாக்கை விட வேறு சாட்சி தேவையில்லை.

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்திலிருந்து கராச்சி வழியாக வந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் இரண்டு நாளாக விக்டோரியா டாக்கில் நிற்கிறது. வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள், பிரித்துப் பெட்டியில் அடைத்த போர் விமானங்கள், தங்கக் கட்டிகள். கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும் அதே கப்பலில். பருத்தியையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் போர்க்காலத்தில் கப்பலில் இடம் கிடைப்பதே பெரிய பாடு. மதியம் இரண்டு மணி வாக்கில் புகை தெரிகிறது. தீயணைப்பு வண்டிகள் வந்து டன் டன்னாகத் தண்ணீர் பீய்ச்சுகின்றன. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துப்போவதா என்று அதிகாரிகள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நாலு மணி தாண்டி ஆறு நிமிடத்தில் முதல் வெடிப்பு. அரை மணி நேரத்தில் இரண்டாவது, அதைவிடப் பெரியது. வெடிப்பின் வேகம் பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற கப்பலையே தூக்கிக் கரையில் போட்டது. அதிர்வு சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானியில் பதிவானதாகச் சொல்வார்கள். எரிகிற பருத்தி வானத்திலிருந்து கொட்டி, துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் பற்றிக்கொண்டன.

செத்தவர்கள் எண்ணூறு பேர் என்றும் ஆயிரத்து முந்நூறு பேர் என்றும் கணக்கு மாறுகிறது. கூலிக்கு மூட்டை தூக்கியவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருந்திருக்காது, ஆகையால் சரியான கணக்கு இனிமேல் வரப்போவதும் இல்லை. தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர். நாடு முழுவதும் ஏப்ரல் 14-ஐத் தீயணைப்பு தினமாக வைத்திருக்கிறார்களே, அது இவர்களுக்காகத்தான். பெட்ரோல் பங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வந்து துண்டுச்சீட்டு கொடுத்துத் தீயணைப்பு வாரம் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். செய்தியைத் தணிக்கை செய்து அமுக்கினார்கள். ஜப்பான்காரன் கையில் இருந்த சைகோன் வானொலிதான் மறுநாளே உலகத்துக்குச் சொன்னது. இந்தியப் பத்திரிகைகளுக்கு மே மாதம்தான் அனுமதி கிடைத்தது.

தங்கத்தின் கதை தனி. வெடிப்பில் பறந்த ஒரு கட்டி, துறைமுகத்திலிருந்து வெகுதூரத்தில் ஒரு பார்சி முதியவர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்தாண்டுகள் பல கழித்தும்கூடத் துறைமுகத்தைத் தூர்வாரும்போது கட்டிகள் அகப்பட்டன. இப்படி ஒரு கதை வேறு நகரத்துக்குக் கிடைத்திருந்தால் அதை வைத்தே ஒரு தெருவைப் பிழைக்க வைத்திருப்பார்கள்.

சரி, பார்க்க என்ன மிச்சம்? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. விக்டோரியா டாக்கையும் பக்கத்து பிரின்சஸ் டாக்கையும் கன்டெய்னர் வைக்கும் திடலுக்காக மண் போட்டு மூடிவிட்டார்கள். கப்பல் நின்ற தண்ணீரே இப்போது தரை. அதுவும் பாதுகாப்பு வளையத்துக்குள். பைகுல்லாவில் தீயணைப்புத் தலைமையகத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது, ஏப்ரல் 14 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். அதோடு சரி. இங்கே சுற்றுலா என்றால் நடைதான் சாத்தியம். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, துறைமுகச் சுவரை ஒட்டி நடந்தபடியே சொல்லிக்கொண்டு போக வேண்டும். கேட்கிறவருக்குக் கண்ணில் படுவது லாரியும் சுவரும்தான், மற்றதெல்லாம் சொல்கிறவர் வாயில் இருக்கிறது. அப்படிச் சொல்லத் தெரிந்த ஆளை உருவாக்குவதற்கு ஆகும் செலவு, ஓர் அருங்காட்சியகத்தின் குளிர்சாதனச் செலவில் நூறில் ஒரு பங்குகூட வராது.

அந்த நடையில் தவறவிடக்கூடாத இடம் மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லம். கடலில் செத்து, புதைக்க உடல் கிடைக்காத மாலுமிகளுக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. முதல் போரில் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். இரண்டாம் போருக்கான பெயர்ப் பதிவேட்டில் ஆறாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் பீரங்கியைத் தொட்டவர்கள் அல்லர், சரக்குக் கப்பலின் அடித்தட்டில் கரி அள்ளிப் போட்ட லஸ்கர்கள். குண்டு பட்டால் முதலில் தண்ணீர் புகுவது அவர்கள் நின்ற தட்டில்தான். கொலாபாவிலும் கோட்டைப் பகுதியிலும் சிலைகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. என்னைக் கேட்டால் மும்பையின் போர்க்காலச் சின்னங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இப்போது ராஜ்பவன் பதுங்கு அறைக்கு வருகிறேன். எல்லாரும் கேட்பது இதைப் பற்றித்தான். 2016 ஆகஸ்டில் மலபார் ஹில் ஆளுநர் மாளிகைக்கு அடியில் அடைத்து வைத்திருந்த சுவரை உடைத்தபோது, 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்க அமைப்பும் பதின்மூன்று அறைகளும் வெளிப்பட்டன. அப்போது ஆளுநர் வித்யாசாகர் ராவ், அதற்கடுத்த மாதம் தமிழ்நாட்டுக்கும் பொறுப்பு ஆளுநராக வந்தாரே, அவரேதான். அறைக்கு அறை குண்டுக் கிடங்கு, தோட்டாக் கிடங்கு, குண்டு ஏற்றும் லிஃப்ட், பம்ப், பட்டறை என்று பெயர் எழுதியிருந்தது. மலபார் முனையில் கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகளுக்குக் கீழேயிருந்து குண்டு அனுப்பும் ஏற்பாடு இது. முதல் உலகப்போருக்கும் முந்தைய கட்டுமானம். காற்று வரவும் மழைநீர் வடியவும் வழி வைத்திருந்தார்கள், அத்தனை வருடம் மூடிக் கிடந்தும் உள்ளே இடிந்து விழவில்லை.

2019 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இதை அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். 2022 ஜூனில் அதே இடத்தில் விடுதலைப் புரட்சியாளர்களைப் பற்றிய கிராந்தி காதா காட்சிக்கூடத்தைப் பிரதமர் மோடி திறந்தார். முன்பதிவு செய்துவிட்டு, அடையாள அட்டையோடு போனால் பார்க்கலாம். கட்டாயம் பாருங்கள். ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். புரட்சியாளர்களுக்குக் காட்சிக்கூடம் வேண்டும், யாரும் மறுக்கவில்லை. அதை எந்தக் கட்டடத்திலும் வைக்கலாம். குண்டு எந்த அறையிலிருந்து எந்த வழியாக மேலே போனது, ஒரு பீரங்கிக்குப் பின்னால் எத்தனை கைகள் வேலை செய்தன என்பதை இந்த ஓர் இடத்தில்தான் காட்ட முடியும். இப்போது அந்தக் கதை இரண்டாம் பட்சமாகிவிட்டது. வருகிறவர் படங்களைப் பார்க்கிறார், சுவரைப் பார்ப்பதில்லை. உங்கள் புராஜெக்டில் இதை நேர்மையாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படாதீர்கள். வேறு கதையைக் கொண்டுவந்து எச்சத்தின் மேல் போர்த்துவதும் ஒருவகை அழிவுதான் என்று வாதாட இடம் இருக்கிறது.

பெரிய கனவு என்ன ஆகும் என்பதற்கு விக்ராந்த். பழைய ஐ.என்.எஸ். விக்ராந்தைத்தான் சொல்கிறேன், கொச்சியில் கட்டிய புதியதை அல்ல. 1943-ல் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததால் பாதியில் நிறுத்தி, பிறகு இந்தியா வாங்கி 1961-ல் படையில் சேர்த்த விமானந்தாங்கிக் கப்பல். 1971 போரில் வங்காள விரிகுடாவில் இதன் விமானங்கள் போட்ட போடு சரித்திரம். ஓய்வுபெற்ற பிறகு 2001-லிருந்து மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. நம் மாட்டுங்கா, செம்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஏறியிருக்கிறார்கள். மிதக்கிற இரும்புக்கு வருடா வருடம் பராமரிப்பு வேண்டும், அந்தப் பணம் யார் பையிலிருந்து என்பது கடைசிவரை தீரவில்லை. 2012-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடினார்கள். 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், மும்பையில் கப்பல் உடைக்கிற இடமான தாருகானாவில் உடைத்தார்கள். அதன் எஃகில் கொஞ்சம் பஜாஜ் மோட்டார் சைக்கிளாகி ரோட்டில் ஓடியது. லயன் கேட் எதிரே ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள், சிக்னலில் நிற்கும்போது பார்க்கலாம்.

விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியை என்ன செய்தார்கள்? கரைக்கு இழுத்து, கடற்கரை மணலில் அடித்தளம் போட்டு நிறுத்திவிட்டார்கள். 2002-லிருந்து இன்றும் கூட்டம். நீரிலிருந்து எடுத்துவிட்டதால் மூழ்கிவிடுமோ என்ற கவலை போயிற்று, மாலையில் எப்படியும் ஜனங்கள் காற்று வாங்க வருகிற இடத்தில் வைத்ததால் ஆள் சேர்க்கிற கவலையும் இல்லை. விக்ராந்த் அதைவிடப் பல மடங்கு பெரிது, அப்படியே தூக்கி வைக்க முடியாதுதான். ஆனால் பராமரிப்புக்கு வழி பண்ணாமல் திறப்பு விழா நடத்தாதே என்ற பாடம் ரெண்டுக்கும் பொது.

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று கிடக்கிறது. காளா கில்லா. பஸ் டிப்போவுக்குப் பெயர் கொடுத்த கோட்டை என்ற அளவில்தான் தாராவிக்கு அதைத் தெரியும். 1737-ல் பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டியது என்று சுவரிலேயே கல்வெட்டு இருக்கிறது. அந்த வருடத்தில்தான் சிமாஜி அப்பாவின் மராத்தியப் படை சாஷ்டித் தீவில் போர்த்துக்கீசியர்மேல் பாய்ந்தது. இரண்டு வருடத்தில் வசை கோட்டையும் விழுந்தது. அடுத்து நாம்தானோ என்று ஆங்கிலேயன் பயந்த காலம். மாஹிமிலிருந்து சயான் வரைக்கும் ஓடையை ஒட்டிக் காவல் வைத்த வரிசையில் இது ஒரு கண்ணி. இன்று சுற்றிலும் வீடு, பட்டறை, உள்ளே குப்பை. உலகப்போர் எச்சம் இல்லைதான், போர் எச்சம். தாராவிக்குள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து குடிசையைக் காட்டுகிற சுற்றுலா ஏற்கெனவே நடக்கிறது. நம் பையன்களே காளா கில்லாவில் ஆரம்பித்து சயான் கோட்டையில் முடிக்கிற நடை ஒன்றை நடத்தினால், காட்டுவதற்கு வறுமையைத் தவிர வேறொன்றும் இருக்கும்.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பாரம்பரியம் என்று பலகை விழுந்தால் அடுத்து புல்டோசர் வருமோ என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். அது வெறும் கற்பனை அல்ல. மாஹிம் கோட்டைக்குள் பல்லாண்டாகக் குடியிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை மாநகராட்சி அப்புறப்படுத்தி மாற்று வீடு கொடுத்த பிறகுதான் கோட்டையைச் சீர்செய்ய முடிந்தது. கோட்டைக்கு அது நல்லதுதான், நான் மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளூர் மக்களுக்குப் பயன் என்ற தலைப்பில் எழுதுகிறவர், அந்த உள்ளூர் மக்கள் கடைசியில் எங்கே இருப்பார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். மத்தியத் தொல்லியல் சட்டம் (1958) நூறு வயதாவது ஆனதைத்தான் தொன்மைச் சின்னம் என்கிறது. இரண்டாம் உலகப்போர்க் கட்டுமானம் எதற்கும் இன்னும் அந்த வயது ஆகவில்லை, 1939-ல் கட்டியது 2039-ல்தான் தகுதி பெறும். அதற்குள் இடித்தால் கேட்க நாதியில்லை என்று அர்த்தமில்லை. மும்பைக்கு 1995-லிருந்தே தனிப் பாரம்பரிய விதிகள் உண்டு, தரம் பிரித்துப் பட்டியலிடுகிறார்கள், அதில் இந்த நூறு வருடக் கெடு இல்லை. பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்திய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது அலிபாக் பக்கத்துக் காந்தேரித் தீவும் நம் செஞ்சியும் ஒரே பட்டியலில் வந்தன. ஒரு கோட்டை தனியாகப் போய் நின்றால் கிடைக்காத கவனம் பன்னிரண்டு சேர்ந்து போனதால் கிடைத்தது. மும்பைத் துறைமுகப் பீரங்கி மேடைகளையும் மிடில் கிரவுண்ட், ஆய்ஸ்டர் ராக், மலபார் முனை, காராபுரி என்று ஒரே தொகுதியாகக் காட்டினால்தான் எடுபடும்.

நம் ஆட்களுக்கு ஒட்டுகிற சங்கதி இரண்டு இருக்கிறது, புராஜெக்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்டன் கதை நமக்கு மனப்பாடம். ஆனால் வுல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியேயும் மும்பைக்கு வெளியேயும் சத்தமில்லாமல் கண்ணிவெடி விதைத்துவிட்டுப் போனதை யாரும் பேசுவதில்லை. ஜூன் 23 அன்று மங்கோலியா என்ற பயணிக் கப்பல் அதில் மோதி மும்பைக் கடலில் மூழ்கியது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இதைப் பார்க்க முடியுமா என்றால், முடியாது. மட்டக்களப்பு பக்கம் 1942-ல் ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மஸ் விமானந்தாங்கியைத் தேடி வெளிநாட்டு முக்குளிப்பவர்கள் வருகிறார்களே, அதுபோல இங்கே நடக்காது. நம் கடல் சேற்றுக் கலங்கல். இன்னொன்று, மலாடு மார்வேயில் கடற்படையின் ஹம்லா தளம். போரின்போது படையைக் கரையிறக்கும் படகுகளுக்கான பயிற்சித் தளமாக 1943-ல் மண்டபத்தில் தொடங்கி, பின்னர் மும்பைக்கு வந்தது. ராமேஸ்வரம் பக்கத்து ஆட்கள் மார்வேயில் படகு ஏறும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். (கல்யாண் ராணுவ முகாம் அகதிகள் ஊராகி, 1949-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டி உல்லாஸ்நகர் ஆனது தனிக் கதை. கடலோரம் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.)

1946 பிப்ரவரிக் கடற்படை எழுச்சியைப் பற்றித் தனியாகவே ஒரு புராஜெக்ட் செய்யலாம், இதில் ஒரு பத்தியோடு நிறுத்துங்கள். கொலாபாவில் அதற்கு நினைவிடம் இருக்கிறது.

இனி வேலை. தலைப்பை மும்பை முழுக்க விரிக்காதீர்கள், காராபுரியோடு நிறுத்துங்கள். மாலை நாலு மணிக்குமேல் தீவின் படகுத்துறையில் திரும்பிப் போகக் காத்திருக்கும் வரிசையில் கேளுங்கள்: பீரங்கி மேட்டுக்கு ஏறினீர்களா, ஏறவில்லை என்றால் தெரியாததாலா, நேரம் இல்லாததாலா, ஏற முடியாததாலா? இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. முதலாவதற்குப் பலகை போதும், இரண்டாவதற்கு லாஞ்ச் நேரத்தை மாற்ற வேண்டும், மூன்றாவதற்கு வழியில் உட்கார நிழல் வேண்டும். கடைக்காரப் பெண்களிடம் எத்தனை மணிக்கு வியாபாரம் படுக்கிறது என்று விசாரியுங்கள், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. ஆங்கிலக் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். உங்களுக்குத்தான் மராத்தி தண்ணீர்பட்ட பாடாயிற்றே, உட்கார்ந்து பேசுங்கள். திங்கட்கிழமை குகை விடுமுறை, போகாதீர்கள். ஜூன் பிறந்துவிட்டால் கடலை நம்ப முடியாது, லாஞ்ச் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.